டொலுவீனில் ஊறப்போட்டால் எஸ்பிஆர் மட்டும் தனியாக வந்துவிடுமா?

கேள்வி, 3 மே 2025 (வியாசர்பாடி வாசகர் ஒருவர்)

சார், சின்ன மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். விசைப்படகு இன்ஜினுக்கு அடியில் போடும் ரப்பர் மவுண்ட் செய்கிறோம். ட்ராயிங்கில் ‘நேச்சுரல் ரப்பர்’ என்றுதான் இருக்கிறது. கஸ்டமர் ‘எஸ்பிஆர் (ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பர்) கலந்திருக்கிறீர்கள்’ என்று மொத்த லாட்டையும் திருப்பிவிட்டார். நாங்கள் ஒரு கிராம்கூட கலக்கவில்லை. டொலுவீன் என்ற கரைப்பானில் ஒரு வாரம் ஊறப்போட்டால் எஸ்பிஆர் கரைந்து வந்துவிடும், நேச்சுரல் அப்படியே நிற்கும், எடை போட்டால் சதவீதம் தெரிந்துவிடும் என்று தெரிந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

3 மே, இரவு

வராது. செய்யாதீர்கள், டொலுவீன் காசு வீண்.

உங்கள் நண்பர் சொன்னது வேகாத ரப்பருக்கே பொருந்தாது. பச்சை ஆர்எஸ்எஸ் ஷீட்டும் (புகையில் உலர்த்திய நேச்சுரல் ரப்பர்) டொலுவீனில் கரையும், பச்சை எஸ்பிஆரும் கரையும். கந்தகம் போட்டு வேகவைத்த பிறகு இரண்டுமே கரையாது. இரண்டின் சங்கிலியிலும் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் கந்தகம் இரண்டையும் பிடித்துக் கட்டுகிறது. ஒன்றை மற்றதோடும் சேர்த்துக் கட்டுகிறது. அதில் எதை மட்டும் தனியாக இழுப்பீர்கள்?

காசிமேட்டில் வலை பின்னுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வலைக்குள் ஒரு கயிறு சும்மா நுழைந்து கிடந்தால் பொறுமையாக உருவி எடுத்துவிடலாம். முடிச்சு போட்டிருந்தால், கயிறு எந்தக் கம்பெனியுடையது என்பது முக்கியமே இல்லை, வராது. வெந்த ரப்பரில் சால்வென்ட் (கரைப்பான்) பார்ப்பது முடிச்சு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். நேச்சுரலா எஸ்பிஆரா என்று அது கேட்பதில்லை.

4 மே

‘அப்படியானால் லேபில் எக்ஸ்ட்ராக்‌ஷன் ஏன் செய்கிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பாலிமரை, அதாவது ரப்பரின் நீளச் சங்கிலியை, எடுப்பதற்காக அல்ல, பாலிமர் அல்லாததை எடுப்பதற்காக. ஏஎஸ்டிஎம் டி 297 என்று ஒரு பழைய அமெரிக்கத் தர முறை இருக்கிறது. சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்து, குளிரவைத்து, திரும்பத் திரும்ப சாம்பிள் மேல் விழவிடும் கண்ணாடிக் கருவி) முதலில் அசிட்டோன், 16 மணி நேரம். அதில் பிராசஸ் ஆயில், மெழுகு, ஆன்டிஆக்சிடன்ட், கொழுப்பு அமிலம், கட்டப்படாமல் மிஞ்சிய கந்தகம், வேகவைப்பதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரின் மிச்சம் எல்லாம் வரும். அடுத்து குளோரோஃபார்ம், 4 மணி நேரம். அது தார் மாதிரியான சமாச்சாரங்களையும், சரியாக வேகாத ரப்பரின் சின்னத் துண்டுகளையும் எடுக்கும். பிறகு ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஃபேக்டிஸ் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய்) போட்டிருந்தால் அதற்காக.

அசிட்டோனில் வந்ததெல்லாம் நீங்கள் ஊற்றிய எண்ணெய் என்று நினைக்க வேண்டாம். மரத்திலிருந்து வந்த ரப்பரிலேயே, ஒன்றும் சேர்க்காத நிலையில், இரண்டு மூன்று சதவீதம் அசிட்டோனில் இறங்கும். மரத்தின் ரெசினும் கொழுப்பு அமிலங்களும்தான் அது. இதைக் கழிக்காமல் ‘எண்ணெய் கூடுதல்’ என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4 மே, கொஞ்ச நேரம் கழித்து

டொலுவீன் கிடைக்காவிட்டால் பங்க்கில் பெட்ரோல் வாங்கி ஊறவைக்கலாமா என்று இன்னொருவர். ஐயா, இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ரப்பரை ஊதவைக்காது, பெட்ரோல் ஊதவைக்கும். கணக்கு போடுவதற்கு முன்னாலேயே கணக்கு கெட்டுவிடும். தீப்பிடித்தால் அது தனிக் கணக்கு.

7 மே

சாக்ஸ்லெட் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன், புத்தகத்தில் இருக்காது.

1879-இல் ஃபிரான்ஸ் சாக்ஸ்லெட் இந்தக் கருவியை விவரித்தது பாலில் உள்ள கொழுப்பை அளக்க, அதுவும் ஜெர்மனியில். குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும் ஊர். மணலி பக்கத்தில் நான் வேலை பார்த்த லேபில் மே மாதம் மதியம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் வரும், கை வைக்க முடியாது. அசிட்டோன் கொதிப்பது 56 டிகிரியில். கண்டென்சருக்குள் ஓடும் தண்ணீரே நாற்பதைத் தாண்டினால் ஆவி எங்கே குளிரும்? பாதி அசிட்டோன் மேல்வழியாக ஏறி அறையெல்லாம் நெடி. ஃபிளாஸ்க் வறண்டு, எக்ஸ்ட்ராக்ட் அடிப்பிடித்துப் பழுப்பாகிவிடும். அந்த எடையை ரிப்போர்ட்டில் எழுதினால் யாருக்கு என்ன பிரயோசனம்.

கடைசியில் ஒரு அட்டெண்டர்தான் வழி சொன்னார். காசிமேட்டு ஐஸ் பார் பாதியை உடைத்து டிரம்மில் போட்டு, ஏர்கூலர் பம்ப் ஒன்றை உள்ளே விட்டு, அதே தண்ணீரைச் சுற்றவிட்டோம். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் பதினாறு மணி நேரம் குழாயைத் திறந்துவிடுவது எப்படியும் அநியாயம். மீன் வாடை வந்ததுதான், ஆனால் அசிட்டோன் நெடிக்கு அது எவ்வளவோ தேவலை.

8 மே

‘வெந்த நேச்சுரலிலிருந்து எந்தப் பாலிமரையும் எடுக்கவே முடியாதா?’ என்று ஒரு மாணவர் கேட்கிறார். தம்பி, முடியும். முடிச்சு விழாத பாலிமராக இருக்க வேண்டும்.

பாலிஐசோபியூட்டிலீன் நல்ல உதாரணம். அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது, கந்தகம் அதைத் தொடாது. ஹெக்சேனிலோ டொலுவீனிலோ மெதுவாக வந்துவிடும். ஆனால் அதையே பியூட்டைல் ரப்பராக்க ஒன்றிரண்டு சதவீதம் ஐசோப்ரீன் சேர்த்தார்களோ, கதை மாறிவிடும். அந்தக் கொஞ்சம் போதும் முடிச்சு விழ.

பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் கலந்திருந்தால் கொதிக்கும் சைலீன். அங்கேயும் சாக்ஸ்லெட்டை நம்பாதே. சாம்பிள் இருக்கும் அறை ஃபிளாஸ்க்கைவிடச் சூடு குறைவு, பாலிஎத்திலீன் சைஃபன் குழாயிலேயே வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொள்ளும். குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனின் ஜெல் அளவைப் பார்க்கும் ஏஎஸ்டிஎம் டி 2765-இல் செய்கிற மாதிரி, கம்பிவலைப் பொட்டலத்தில் கட்டி நேராகக் கொதிக்கும் சைலீனுக்குள் தொங்கவிட வேண்டும். ஆன்டிஆக்சிடன்ட் கொஞ்சம் போடு, முடிந்தால் நைட்ரஜன் விடு. 140 டிகிரியில் காற்றோடு விட்டால் ரப்பர் சங்கிலியே அறுந்து கரைந்து வெளியே வரும், நீ அதைப் பாலிஎத்திலீன் என்று எடை போட்டுக்கொண்டிருப்பாய்.

பாலிஸ்டைரீன்தான் பொறுமையைச் சோதிக்கும். எம்ஈகே (மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான்) அதைக் கரைக்கும், நேச்சுரலைக் கரைக்காது, ஊதவும் பெரிதாக வைக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரப்பர் ஊதாவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்ட பாலிஸ்டைரீன் துளிக்கு சால்வென்ட் எப்படிப் போய்ச் சேரும்? மேல்தோலில் இருப்பது மட்டும் வரும். டொலுவீன் போட்டால் ரப்பர் தன் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு குடித்து ஊதும், உள்ளே வழி திறக்கும். அப்போதும் நீளச் சங்கிலி அந்தக் கண்ணிகளுக்கு நடுவே பாம்பாக நெளிந்து வர வேண்டும். 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் இதற்குக் கணக்கு போட்டார்: சங்கிலி இரண்டு மடங்கு நீளமானால் பரவும் வேகம் நான்கில் ஒரு பங்காகும். அதனால்தான் சாம்பிளை மெல்லியதாகச் சீவச் சொல்வது. தடிமனைப் பாதியாக்கினால் நேரம் நான்கில் ஒரு பங்கு. மவுண்ட்டை முழுதாக ஊறப்போட்டு ஒரு வாரம் பார்ப்பதைவிட, மில்லில் நைப்பை (உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) குறுக்கி ஒருமுறை ஓட்டி எடுத்துவிட்டு ஒரு ராத்திரி பார்ப்பது மேல்.

கரையவைப்பது வேறு, வெளியே வரவைப்பது வேறு. இதை லேபில் யாரும் சொல்லித்தருவதில்லை.

8 மே, இரவு

ஹவாய் செருப்பு ஷீட்டில் போடும் ஹை ஸ்டைரீன் ரெசின் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: அது சுத்தமான பாலிஸ்டைரீன் இல்லை, கொஞ்சம் பியூட்டாடையீன் உண்டு. அந்தக் கொஞ்சம் கட்டுப்படும். ஒரு பகுதி வரும், ஒரு பகுதி வராது. வந்ததை வைத்து மொத்தத்தைச் சொல்ல முடியாது.

பழைய ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். பாலிஸ்டைரீனைக் கரைப்பதற்குப் பதிலாக ரப்பரை ஆக்சிஜனேற்றம் செய்து துண்டுதுண்டாக்கிவிட்டு, மிஞ்சிய பாலிஸ்டைரீனை மெத்தனாலில் வீழ்படிவாக்கி எடுத்தார்கள். 1946-இல் வேதியியலாளர் கோல்ட்ஹாஃப் குழு பயன்படுத்தியது ஆஸ்மியம் டெட்ராக்சைடு. அதன் ஆவி கண்ணைக் கெடுத்துவிடும். தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன், வாங்கிவிடாதீர்கள்.

11 மே

3-ஆம் தேதி ‘வராது’ என்று ஒரே வார்த்தையில் எழுதியதற்கு ரப்பர் கலவை தயாரிக்கும் காம்பவுண்டர் நண்பர் ஒருவர் ஈபிடிஎம்மை (இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவான ஒரு செயற்கை ரப்பர்) காட்டி மல்லுக்கு நிற்கிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நேச்சுரலையும் ஈபிடிஎம்மையும் கலந்து ஒரே கந்தகத்தில் வேகவைத்தால், இரட்டைப் பிணைப்பு நிறைய உள்ள நேச்சுரல் கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஈபிடிஎம் அரைவேக்காட்டில் நிற்கும். சூடான டொலுவீன் விட்டால் அதில் ஒரு பகுதி வந்துவிடும். சரிதான்.

ஆனால் வந்ததன் அளவு என்ன சொல்கிறது? எவ்வளவு ஈபிடிஎம் போட்டார்கள் என்பதை அல்ல, எவ்வளவு கட்டாமல் விட்டார்கள் என்பதை. அதே காம்பவுண்டை இன்னும் பத்து நிமிடம் பிரஸ்ஸில் வைத்தால் எண் மாறும். ஆக்சிலரேட்டரை மாற்றினால் மறுபடி மாறும். என் பிடிவாதம் அங்கேயே நிற்கிறது: சால்வென்ட் தருகிற எண் க்யூரிங்கின் எண், ரெசிபியின் எண் அல்ல. நண்பர் ‘அரை வெற்றி’ என்கிறார். கொடுத்துவிட்டேன்.

12 மே

பேச்சு விலைக்குப் போய்விட்டது, போகட்டும். 2011-இல் ஆர்எஸ்எஸ்-4 ரகம் ஒரு கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கத்துச் சின்ன யூனிட்டெல்லாம் என்ன பாடுபட்டன என்று இங்கே பலருக்கு நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் அதையும் தாண்டியது. விலை ஏறும்போதெல்லாம் ‘நேச்சுரல்’ என்ற பெயரில் வரும் காம்பவுண்டை இரண்டு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரில்தான் எம்ஆர்எஃப் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தது, 1946-இல். ‘அந்தப் பலூனை எந்த சால்வென்டில் ஊறவைத்தார்கள்?’ என்று கேட்ட புத்திசாலிக்கு: பலூனை ஊதத்தான் செய்வார்கள், நாம்தான் ரப்பரை டொலுவீன் விட்டு ஊதவைக்கிறோம்.

13 மே

வேடிக்கை போதும், இதைக் கவனமாகப் படியுங்கள். ஒருவர் அசிட்டோன் கழிவையும் குளோரோஃபார்ம் கழிவையும் ஒரே கேனில் ஊற்றிவைப்பதாக எழுதியிருக்கிறார். அடுத்த கட்டம் ஆல்கஹால் பொட்டாஷ் என்று மேலே சொன்னேனே, அதன் மிச்சமும் அந்தக் கேனுக்குள் போனால் முடிந்தது. அசிட்டோன், குளோரோஃபார்ம், காரம் மூன்றும் சேர்ந்தால் வேகமாகச் சூடேறி வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கும். கேன்கள் தனித்தனி, மூடிகளில் வேறு வேறு நிறம். மேஸ்திரிக்கும் சொல்லிவையுங்கள், கிளீனிங் அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

பழைய புத்தகத்தில் பென்சீன் என்று இருந்தால் அந்த இடத்தில் டொலுவீன் என்று படித்துக்கொள்ளுங்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும்.

15 மே

இப்போது முதலில் கேட்டவருக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டியது எஸ்பிஆர் இருக்கிறதா, எவ்வளவு என்பது. அதற்கு ரப்பரைக் கரைக்க வேண்டாம், எரிக்க வேண்டும்.

சாம்பிளைச் சீவி, அசிட்டோனில் எண்ணெயை எடுத்துவிட்டு, உலர்த்தி, டிஜிஏ-வுக்கு (சூடேற்றச் சூடேற்ற எடை எப்படிக் குறைகிறது என்று பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். எண்ணெயை எடுக்காமல் அனுப்பினால் அதன் வால் ரப்பரின் ஆரம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜனில் சூடேற்றும்போது நேச்சுரல் 370-380 டிகிரி பக்கத்தில் உச்சமாகச் சிதையும், எஸ்பிஆர் 440-450 பக்கத்தில். இரண்டு மேடு தெரிந்தால் இரண்டு ரப்பர். பிறகு காற்றுக்கு மாற்றினால் கார்பன் பிளாக் எரியும், மிஞ்சுவது ஜிங்க் ஆக்சைடும் ஃபில்லரும். ஒயிட்டிங் போட்டிருந்தால் ஜாக்கிரதை. கால்சியம் கார்பனேட் 600-க்கு மேல் தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக விட்டுவிடும், அதைக் கார்பன் பிளாக் என்று கணக்கெழுதிவிடுவார்கள்.

இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் டெஸ்ட் ட்யூபில் கருக்கி, வடியும் எண்ணெயை இன்ஃப்ராரெட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டைரீன் இருந்தால் 699 அலைஎண் பக்கத்தில் கூர்மையாக நிற்கும். அந்த எண்ணெயைப் பூசும் உப்புத் தட்டை வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எண்ணூர் கடல்காற்றில் நீங்கள் திரும்பி வருவதற்குள் அது பனி மூடிவிடும்.

லேபுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் பர்ச்ஃபீல்ட் சோதனை என்று ஒரு பழைய நிறச் சோதனை உண்டு. கருகும் ஆவியைக் கரைசலுக்குள் விட்டுப் பிறகு மெத்தனாலோடு சூடாக்குவது. நேச்சுரல் நீலஊதா, எஸ்பிஆர் பச்சை, நைட்ரைல் சிவப்பு. கலவையில் நிறமும் கலந்துவிடும், அதனால் கோர்ட்டுக்கு ஆகாது, உங்கள் மனசுக்கு ஆகும்.

24 மே

கேட்டவர் ரிசல்ட் அனுப்பியிருக்கிறார். டிஜிஏ-வில் இரண்டு மேடு. இரண்டாவது சின்னது, ஆனால் இருக்கிறது. ‘சார், சத்தியமா நாங்க எஸ்பிஆர் பேலே வாங்கினது இல்லை’ என்கிறார்.

நம்புகிறேன். ஏனென்றால் கூடவே இரண்டு எண் அனுப்பியிருக்கிறார், அவர் அதைக் கவனிக்கவில்லை. அசிட்டோன் எக்ஸ்ட்ராக்ட் அந்த மவுண்ட்டின் கடினத்தன்மைக்கு அதிகம். என் பேச்சைக் கேட்காமல் டொலுவீனிலும் போட்டுப் பார்த்திருக்கிறார் (தெரியும், செய்வீர்கள் என்று), அதிலும் நிறைய வந்திருக்கிறது. நன்றாக வெந்த புது ரப்பரில் டொலுவீனுக்கு அவ்வளவு கிடைக்காது.

காம்பவுண்டை நீங்களே மில் செய்கிறீர்களா, வெளியில் கலந்து வாங்குகிறீர்களா?

24 மே, மாலை

வெளியில் வாங்குகிறாராம். அப்புறம் என்ன. கலந்து கொடுத்தவர் டயர் ரீக்ளெய்ம் போட்டிருக்கிறார்.

ரீக்ளெய்ம் என்பது வெந்த டயரைச் சூட்டிலும் எண்ணெயிலும் அடித்து முடிச்சுகளையும் சங்கிலிகளையும் பாதி அறுத்தது. அசிட்டோன் எக்ஸ்ட்ராக்டே பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். அறுந்த துண்டுகள் மறுபடி வேகவைக்கும்போது எல்லாம் கட்டுப்படுவதில்லை, அதுதான் டொலுவீனில் வந்தது. லாரி டயர் ட்ரெட் பெரும்பாலும் நேச்சுரல், கார் டயர் ட்ரெட்டில் எஸ்பிஆரும் பிஆரும் (பாலிபியூட்டாடையீன் ரப்பர்). கலந்து அரைத்த டயர் என்றால் எஸ்பிஆர் தானாக உள்ளே வந்துவிடும், யாரும் பேல் வாங்க வேண்டியதில்லை.

ஆக டொலுவீன் எஸ்பிஆரைக் காட்டவில்லை, அறுந்த வலையைக் காட்டியது. எஸ்பிஆரைக் காட்டியது டிஜிஏ. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் ரீக்ளெய்ம் தெரிந்தது. காம்பவுண்டர் நண்பர் ‘அப்போ டொலுவீன் காசு வீண் இல்லையே’ என்று உடனே வந்துவிட்டார். மீதி அரை வெற்றியையும் எடுத்துக்கொள்ளட்டும்.

26 மே

கஸ்டமருக்கு என்ன எழுதுவது என்று கேட்கிறார். உள்ளதை எழுதுங்கள்: எஸ்பிஆர் சேர்க்கப்படவில்லை, காம்பவுண்டில் டயர் ரீக்ளெய்ம் இருந்தது, டிஜிஏ இணைப்பு, மாற்று லாட் புது ஆர்எஸ்எஸ்ஸில் தருகிறோம். இன்ஜின் மவுண்ட்டில் ரீக்ளெய்ம் இருந்தால் நாளாக நாளாக அமுங்கிப்போகும், அதனால் அவர் கோபம் நியாயம்தான்.

கலந்து கொடுத்தவரிடம் இனி பில்லில் ‘ரீக்ளெய்ம் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு சின்ன ஷீட் வேகவைத்து, ஒரு கிராம் சீவி, எடை போட்டு டொலுவீனில் போட்டு, மறுநாள் எடுத்து உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். உங்கள் நல்ல பேட்ச்சின் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள், அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இந்த வேலைக்கு டொலுவீன் போதும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம்.

26 மே, பிற்சேர்க்கை

உலர்த்துவதற்கு வெயிலில் வைக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம், ஊதின ரப்பர் காற்றும் வெயிலும் பட்டால் மேலே ஒட்டும் பசையாகிவிடும். 70 டிகிரி ஓவனில், எடை மாறாமல் நிற்கும் வரைக்கும். உள்ளே வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வெளிக்காற்றில் டொலுவீனைப் போகவிடுங்கள். நேராக ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள்.